கை குலுக்க 15 மணி, சட்டத்துக்கு 5 மணி!

சென்ற மாதம் நமது காரியாலயத்துக்கு ஒரு பையன் வந்தான். விவசாயக் கூலியின் மகன். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டு நூல் மில் ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் ஏதோ பிடித்திருக்கிறார்கள். என்ன பிடித்தம், எதற்குப் பிடித்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. மேஸ்திரியைக் கேட்கவும் வாய் வரவில்லை.

"ஐ.டி.ஐ.யில் பேசச் சொல்லித் தந்தார்களே, தம்பி?" என்றோம்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். நிமிர்ந்து உட்காரு, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார், புன்னகை செய், கை குலுக்கும்போது அழுத்தாதே! இதற்குப் பெயர் 'கம்யூனிகேஷன் ஸ்கில்'. நாமும் பத்தாவது வரை படித்தவர்தாம். நமக்கு யாரும் புன்னகைக்கப் பாடம் நடத்தியதில்லை.

இது ஒரு வாத்தியாரின் கோளாறல்ல. அவர் பாவம், மேலிடம் அனுப்பிய பாடத்தை நடத்துகிறார். ஐ.டி.ஐ.களில் முன்பு சமூகவியல் என்றொரு பாடம் இருந்தது. 2012-ஐ ஒட்டி அதை எடுத்துவிட்டு 'எம்ப்ளாயபிலிடி ஸ்கில்ஸ்' என்பதை வைத்தார்கள். அப்போது மொத்தம் 110 மணி நேரம். அதில் ஆங்கிலத்துக்கு 20, பேச்சுத் திறமைக்கு 15, சொந்தத் தொழில் தொடங்க 15. தொழிலாளர் நலச் சட்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து 5 மணி! பி.எப்., ஈ.எஸ்.ஐ., விபத்து நஷ்டஈடு எல்லாம் அந்த ஐந்து மணிக்குள். நூறு பேர் படிக்கும் இடத்தில் எத்தனை பேர் முதலாளியாகப் போகிறார்கள், எத்தனை பேர் கூலி வாங்கப் போகிறார்கள்? கணக்குப் போடத் தெரியாமலா மணி பிரித்தார்கள்?

2022-ல் பாடத்தைத் திருத்தினார்கள். அரசியல் சட்டம் பற்றி ஓர் அத்தியாயம் வந்தது, நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சட்ட அறிவை பாங்கிக் கணக்கோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

தொழிலாளிக்குப் பேசத் தெரியவில்லை, அதனால்தான் அவன் முன்னேறவில்லை என்று படித்த கனவான்கள் அங்கலாய்க்கிறார்கள். போபாலை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையில் பாஸ்ஜீன் விஷவாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். 1982-லேயே தொழிலாளர்கள் போஸ்டர் ஒட்டி ஊரை எச்சரித்தார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளரும் அதே ஆண்டில் தம் சிறு வாரப் பத்திரிகையில் எழுதினார். 1984 டிசம்பர் 2-ந் தேதி இரவு என்ன நடந்தது என்பதை உலகமே அறியும். பேசத் தெரியாமல் போனது யாருக்கு? காது இல்லாமல் போனது யாருக்கு?

அத்தனை பிணங்கள் விழுந்த பிறகுதான், 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் 111ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையில் தன் உயிருக்கும் உடம்புக்கும் உள்ள ஆபத்து பற்றி முதலாளியிடம் விவரம் கேட்டுப் பெறத் தொழிலாளிக்கு உரிமை வந்தது. அந்தச் சட்டத்தை ரத்துச் செய்து 2025 நவம்பர் 21-ல் புதிய தொகுப்புகள் அமுலுக்கு வந்துவிட்டன; என்றாலும் விவரம் கேட்கும் உரிமை அதிலும் இருக்கிறது. எந்த வகுப்பிலாவது ஒரு பையனை எழுப்பி, "இந்த டிரம்மில் என்ன மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்" என்று கேட்கப் பழக்கியிருக்கிறார்களா?

எழுதிக் காட்டும் கடமை முதலாளிக்கும் இருந்தது. 1946-ம் வருஷத்துச் சட்டப்படி 100 பேர் வேலை செய்யும் ஆலையில் நிலையாணைகளைத் தொழிலாளிக்குப் புரியும் பாஷையில் வாசலருகே ஒட்ட வேண்டியிருந்தது. இப்போது அந்த 100 என்பது 300 ஆகிவிட்டது. 250 பேர் உள்ள மில்லில் முதலாளி வாய் திறக்க வேண்டியதில்லை. தொழிலாளி மட்டும் 'கம்யூனிகேஷன்' கற்க வேண்டும். நல்ல நியாயம்!

பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்வது எப்படி என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். குவாரியில் கல்லுடைத்த கூலிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் கை குலுக்கக் கற்றுத் தரவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மெஷின் புத்தகம் படிக்க அது வேண்டும், தாராளமாகச் சொல்லித் தரட்டும். அதோடு சம்பளச் சீட்டைப் படிக்கவும், விபத்து நடந்தால் தமிழில் நாலு வரி ரிப்போர்ட் எழுதவும், மகஜர் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்கவும் அதே வகுப்பில் பழக்க வேண்டும் என்கிறோம். கூட்டத்தில் எழுந்து நின்று பேசவும் பழக்கட்டும். சங்கத்தில் பேச நம் ஆட்களிலேயே பலர் கூசுகிறார்கள், அந்தக் குறை நம்முடையதும்தான்.

அந்தப் பையன் நமது மேஜையிலேயே உட்கார்ந்து மகஜர் எழுதினான். நாலு தாள் கிழித்தான். ஐந்தாவது தாளை மறுநாள் ஆபீசில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வந்துவிட்டான். பிடித்த பணம் இன்னும் வரவில்லை. அடுத்த சம்பளத் தேதிக்குக் காண்ட்ராக்ட் ஆட்கள் ஒன்பது பேர் அவனோடு போவதாக இருக்கிறார்கள்.