வைத்தியரும் பதிவேடும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தைத் தணிக்கை செய்தபோது, தவணை தவறிய கடன்களைப் பார்த்துவந்தோம். அங்கத்தினர் ஒருவரின் தறி நான்கு மாதமாக ஓடவில்லை. நீரிழிவுக்கு அவர் உண்டுவந்த மாத்திரைகளை, சந்தையில் சூரணம் விற்ற ஒருவரின் சொல்கேட்டு நிறுத்தியிருக்கிறார். காலில் புண் முற்றி இரு விரல்களை எடுக்க நேர்ந்தது. தறி மிதிக்க வேண்டிய கால் அது. சூரணக்காரர் அடுத்த சந்தைக்குப் போய்விட்டார். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவ்வூரில் மூலிகை வைத்தியம் செய்யும் மூதாட்டி ஒருவர் உண்டு. அவர் பெயரும் பதிவேட்டில் இல்லை. "இது என் கைக்கு மிஞ்சினது, தம்பி, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பியவர் அவரே. சட்டத்தின் கண்ணில் இவ்விருவரும் ஒன்றே என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

சட்டமே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்திய கவுன்சில் சட்டமும், அதனிடத்தில் 2020-ல் வந்த தேசிய ஆணையச் சட்டமும் தேவையானவையே. அங்கீகரிக்கப்பட்ட தகுதியின்றி வைத்தியம் புரிய உரிமையில்லை என்று, கேரளப் பாரம்பரிய வைத்தியர் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்ததையும் நாம் குறைகூறோம். முப்பதாண்டாகக் கணக்கெழுதுகிறேன் என்று காரியதரிசி சொல்வதை நம்பி நாம் ஐந்தொகையில் கையெழுத்திடுகிறோமா? இருப்பை எண்ணிப் பார்க்கிறோம். ஆனால், எண்ணாமலே இருப்பு இல்லையென்று எழுதுவதும் தணிக்கையாகாது.

இந்தியத் தரக் குழுமம் பாரம்பரிய வைத்தியர்க்கு விருப்பச் சான்று ஒன்றை வகுத்தது. திறமைக்கு அது சான்று. தொழில் புரியும் உரிமையை அது தராது. குறித்த சில நோய்களுக்கு மட்டுமேனும் உரிமை தரும் தேர்வு ஒன்று வேண்டும். தமிழில், வாய்மொழியாக, பச்சிலையைக் கையில் கொடுத்து நடத்தலாம். தாராபுரம் பக்கத்துச் செங்காந்தள் விவசாயிகளுக்கு அக்கிழங்கு எத்துணைக் கொடிய நஞ்சென்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதன் சுத்திமுறையும் அளவும் அறியாதவர் அதைத் தொடலாகாது. எந்த நோயை ஏற்கக் கூடாது என்பதே முதற்கேள்வியாகட்டும். மூதாட்டி அதில் தேறிவிடுவார்.

உற்பத்தி உரிம எண் இல்லாத சூரணத்துக்குப் பண்டகசாலையில் இடமில்லையெனத் தீர்மானிக்க, நம் பஞ்சாயத்தார் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. மேற்சொன்ன சங்கத்தின் அலமாரியில் அத்தகைய டப்பாக்கள் பதினொன்று இருந்தன. இருப்புக் கணக்கில் ஒன்றுகூட ஏறவில்லை.