கோடு வரையும் கை

அல்சூரில் வாழும் நமக்குத் தொகுதி மறுவரையறை என்பது தில்லியில் மட்டும் நிகழும் விவகாரமன்று. நமக்கு அருகிலிருந்த பாரதி நகர் சட்டமன்றத் தொகுதி 2008இல் வரைபடத்திலிருந்தே மறைந்தது. பெங்களூரு மாநகராட்சிக்கு 2015இல் 198 வார்டுகளில் தேர்தல் நடந்தது. அம்மன்றத்தின் பதவிக்காலம் 2020இல் முடிந்தது. 2022இல் வார்டுகள் 243 ஆயின. ஆட்சி மாறியதும் 2023இல் 225 ஆயின. 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. கோடுகள் மாறிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில் வாக்களிக்கும் நாள் மட்டும் வரவில்லை.

மக்கள்தொகை சமமாக இருந்தால் நியாயம் கிட்டிவிடும் என்று எண்ணுகிறோம். அது முதற்படி மட்டுமே. ஒரு குடிசைப்பகுதியை மூன்று வார்டுகளில் சிதறடித்தாலும் எண்ணிக்கை சமமாகவே இருக்கும். உழைப்பாளரின் குரல்தான் எங்கும் ஒலிக்காது.

இதைக் கண்டறியப் புள்ளியியலாளர்கள் ஒரு வழி கண்டுள்ளனர். சட்டவிதிகளை மட்டும் அளித்து, ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கணினியால் வரையச் செய்கின்றனர். பழைய தேர்தலின் வாக்குகளை ஒவ்வொன்றிலும் பொருத்தி எண்ணுகின்றனர். அவற்றுள் எதிலுமே காணாத அளவுக்கு ஆட்சியாளர் வரைந்த படம் ஆளுங்கட்சிக்குச் சாதகமாயின், அது தற்செயலன்று. 2018இல் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றம் தொகுதி வரைபடத்தை ரத்து செய்தபோது இத்தகைய சான்றும் அதன்முன் இருந்தது. மறு ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சிச் சார்பான தொகுதி வரைவு கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கத்தக்க வழக்கன்று எனக் கைகழுவியது. கணக்கு சான்று தரும். நீதியைப் போராட்டமே பெற்றுத் தரும்.

ஜம்மு-காஷ்மீரில் முதற்படியே தவறியது. 2022இல் கூடுதலான ஏழு இடங்களில் ஆறு ஜம்முவுக்கும் ஒன்று காஷ்மீருக்கும் வழங்கப்பட்டன. நில அமைப்பும் எல்லையோரமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி, காஷ்மீரில் ஓர் உறுப்பினருக்குச் சுமார் 1.47 லட்சம் மக்கள், ஜம்முவில் 1.25 லட்சம். இதற்குக் கணினிகூட வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும்.

மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களைப் பகிர்வது வேறு கேள்வி. அது கூட்டாட்சியின் கேள்வி. எந்தக் கணினியிடமும் அதை ஒப்படைக்க இயலாது. மாநிலத்துக்குள் வரையப்படும் எல்லையையோ மக்களே சோதிக்க இயலும். அதற்கு வாக்குச்சாவடிவாரி முடிவுகளும், பகுதிவாரி மக்கள்தொகையும், எல்லை விவரங்களும் கணினியில் கையாளத்தக்க வடிவில் வெளியாக வேண்டும். இதை நமது கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.

தோழர்களே, வரைவு அறிவிப்பு வரும்போது ஆட்சேபம் தெரிவிக்கக் கிடைக்கும் நாள்கள் சிலவே. எந்தத் தெரு எந்த வார்டுக்குப் போகிறது என்பதைக் கிளைகள் அன்றே படித்தறிய வேண்டும். கோடு விழுந்தபின் எழுப்பும் முழக்கத்தினும், விழுமுன் கேட்கும் கேள்வி வலிது.