எண்ணெய்க் கப்பலுக்கு யாரு விசில் அடிப்பா?

கடற்படைன்னா விக்ராந்த் பேரு எல்லாருக்கும் தெரியும். ஜோதி, ஆதித்யா, தீபக், சக்தி? நம்ம போர்க்கப்பல்களுக்கு நடுக்கடல்ல எண்ணெய் கொடுக்குற கப்பல்கள் இவை. வடக்குத்துல உட்கார்ந்துகிட்டு இவனுக்கு எதுக்குக் கப்பல் கவலைன்னு கேட்காதீங்க மக்களே. சுரங்கத்துல கன்வேயர் நின்னா மின்நிலையம் என்னாகும்னு எங்க ஊர்ல சின்னப் பையன்கூட சொல்லுவான் :)

வேலை லேசுப்பட்டதில்ல. ரெண்டு கப்பலும் நிக்காம, பக்கத்துப் பக்கத்துல, ஒரே வேகத்துல ஓடணும். நடுவுல இழுத்துக் கட்டின கம்பி, அதுல தொங்குற ஹோஸ் வழியா எண்ணெய் போகும். விலகினா ஹோஸ் அறுந்துடும், நெருங்கினா மோதல்தான். இப்ப இருக்குற சக்தி மணிக்கு 1,500 டன் வரைக்கும் ஊத்துமாம்!

எண்ணெய் மட்டுமில்ல. 2006 ஜூலையில லெபனான்ல குண்டு விழுந்தப்ப நம்மாளுங்களை மீட்கப் போன நாலு கப்பல்ல பழைய சக்தியும் ஒண்ணு (ஜெர்மனியில கட்டினது, 2007-ல ஓய்வு). இலங்கை, நேபாளத்துக்காரங்களையும் சேர்த்து சுமார் 2,280 பேரை சைப்ரஸ் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. 2014 டிசம்பர்ல மாலத்தீவோட தலைநகர் மாலேயில கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை தீப்பிடிச்சு, குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. தீபக்தான் சுமார் ஆயிரம் டன் நல்ல தண்ணியோட போய் நின்னுச்சு.

விஷயத்துக்கு வரேன். 2023 ஆகஸ்ட்ல அஞ்சு புதுக் கப்பலுக்கு விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டோட ஒப்பந்தம் போட்டாங்க. சுமார் 19,000 கோடி. அதுல ரெண்டைக் கட்டுறது நம்ம காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளம். சண்டை போடாத கப்பலுக்கு இவ்ளோ காசான்னு சிலர் கேட்கலாம். டேங்கர் இல்லாட்டி, சண்டை போடுற கப்பல் எண்ணெய்க்காக வேலையை விட்டுட்டுத் துறைமுகத்துக்கு ஓடணும் சாமி.

என் கவலை வேற. நேரத்துக்கு வருமா? கொல்கத்தாவுல கட்டின ஆதித்யா 1993-ல தண்ணியில இறங்கிச்சு, படையில சேர்ந்தது 2000-ல. ஏழு வருஷம்! ஜோதி ரஷ்யாவுல கட்டினது (1996). ஆதித்யாவுக்கு அப்புறம் வந்த தீபக், சக்தி ரெண்டும் இத்தாலி (2011). கட்டத் தெரியாம இல்ல, இழுத்தடிச்சே வெளியில போனோம்ங்கிறது என் கட்சி.

ரெண்டு கரைக்கும் சேர்த்து நாலே நாலு டேங்கர். ஒண்ணு பழுதுபார்க்கப் போனா மிச்சம் மூணு. ஜோதி படைக்கு வந்து முப்பது வருஷம் ஆகப் போகுது. புதுசுல முதல் கப்பல் 2027-ல வரணும்னு பேச்சு. காட்டுப்பள்ளிக்காரங்க காதுலயும் விழட்டும்.