கூட்டம் கூட்டியவர் யார்? குத்தகை வாங்குபவர் யார்?

சந்தைக்குச் சென்றிருப்பீர்கள், தோழர்களே! செவ்வாய்ச் சந்தையோ, வெள்ளிச் சந்தையோ — கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொண்டுவருபவர் உழவர். கருவாடு கொண்டுவருபவர் மீனவர். கூடையும் முறமும் கொண்டுவருபவர் கைத்தொழிலாளர். இவர்கள் வருவதால்தான் மக்கள் வருகின்றனர். ஆனால், வாயிலிலே நாற்காலி போட்டு அமர்ந்து, கையிலே சீட்டுக் கட்டுடன், "கூடைக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு" என்று காசு கேட்பவர் வேறொருவர். அவர்தான் சந்தைக் குத்தகைதாரர்! அவர் ஒரு கத்தரிக்காயும் பயிரிட்டதில்லை; ஒரு கூடையும் முடைந்ததில்லை. எனினும், அவரை ஏலம் விட்டு அமர்த்தியது ஊராட்சி. தவணை முடிந்தால் எழுந்துபோக வேண்டும். அளவுக்கு மேல் கேட்டால், "பலகையிலே என்ன எழுதியிருக்கிறது, காட்டு!" என்று கூடைக்காரக் கிழவியும் கேட்கலாம்.

இன்று உலகத்தையே வளைத்துக்கொண்டு ஒரு சந்தை நடக்கிறது — இணையச் சந்தை! சமையல் குறிப்பு தருபவர், வேலைவாய்ப்புச் செய்தி சொல்பவர், ஐயம் கேட்பவர், விடை அளிப்பவர், கதை எழுதுபவர், படம் பிடிப்பவர் — இவர்களால் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடிய இடத்திலே விளம்பரம் முளைக்கிறது; விளம்பரத்திலே பணம் விளைகிறது. எவ்வளவு பணம்? கூகுளின் தாய் நிறுவனமாகிய ஆல்பபெட், தேடுதல் பக்கம், யூடியூப், பிறருடைய தளங்கள் எல்லாம் சேர்த்து, 2024-ஆம் ஆண்டிலே விளம்பரத்தால் மட்டும் ஈட்டியது ஏறத்தாழ 26,400 கோடி டாலர்! இந்தச் சந்தையின் குத்தகைதாரரை அமர்த்தியவர் யார்? தவணை என்று முடியும்? பலகை எங்கே தொங்குகிறது? கேட்க வேண்டாமா?

விளம்பரத்தை நம்பி ஏடு நடத்துவது புதுமையன்று. 1833-இல் நியூயார்க் நகரிலே பெஞ்சமின் டே என்பார் 'சன்' என்ற நாளேட்டைத் தொடங்கினார். பெரிய ஏடுகள் ஆறு சென்ட் விலை சொன்ன காலத்திலே, அவர் ஒரே சென்ட்டுக்கு விற்றார். இழப்பை ஈடுகட்டியது விளம்பரம். வாசகனுக்கு ஏட்டை விற்றார். வணிகனுக்கு வாசகனை விற்றார்! சூழ்ச்சி என்று சொல்லுங்கள், சூட்டிகை என்று சொல்லுங்கள் — ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரம் தந்த வணிகனை அவருக்குத் தெரியும். விலை சொன்னவர் அவர். பணம் வந்து விழுந்ததும் அவருடைய பெட்டியிலே.

1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவிலே 'ஹாட்வயர்டு' என்ற இணைய ஏடு, தன் பக்கத்தின் தலையிலே பட்டை விளம்பரங்களை ஏற்றியது. ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றுள் ஒன்று. அன்றும் முறை அதுவே: இடம் வைத்திருந்தவர் விற்றார், வேண்டியவர் வாங்கினார்.

2003-இல் வந்தது மாற்றம். கூகுள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்ற திட்டத்தைத் திறந்தது. "விளம்பரம் தேடி நீ அலைய வேண்டாம், உன் பக்கத்திலே ஒரு மூலையை ஒதுக்கிவிடு, விளம்பரத்தை நான் கொண்டுவருகிறேன், வருவதைப் பகிர்ந்துகொள்வோம்" என்றது. இது நன்மை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அச்சகம் வைக்க வசதியற்றவன், விளம்பர அலுவலகத்தின் படியேறத் தெரியாதவன், சிற்றூரிலே இருந்துகொண்டே தன் எழுத்துக்குச் சில டாலர் கண்டான். மறுப்பதற்கில்லை. ஆனால், பங்கு எவ்வளவு? எழுதுபவருக்கு 68 விழுக்காடு, நிறுவனத்துக்கு 32 விழுக்காடு என்று அவர்கள் வாய் திறந்து சொன்னதே 2010-இல்தான்! ஏழு ஆண்டுகள் பலகையே இல்லாத சந்தை!

பலகை வந்த பிறகாவது கணக்கு நேரானதா? அதற்கு அந்த ஏலம் நடக்கும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள். பக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள், கண் இமைக்கும் நேரத்திலே, உங்களை வைத்து ஓர் ஏலம் நடந்து முடிகிறது. தளம் நடத்துபவர் சார்பிலே இடத்தை விற்க ஒரு கருவி; விளம்பரம் தருபவர் சார்பிலே வாங்க ஒரு கருவி; நடுவிலே விலை கூறும் ஏலக்களம். மூன்றும் தனித்தனி ஆட்களிடம் இருந்தால், ஒருவரை ஒருவர் கண்காணிக்கலாம். 2007-இல் 310 கோடி டாலர் விலை பேசி, டபுள்கிளிக் நிறுவனத்தை விழுங்கப் புறப்பட்டது கூகுள். 2008-இல் விழுங்கி முடித்தது. அதன்பின், விற்பவருக்கும் அவரே தரகர், வாங்குபவருக்கும் அவரே தரகர், ஏலம் கூறுபவரும் அவரே, தராசும் அவருடையதே! நெல் மண்டியிலே இப்படி ஒருவர் இருந்தால் உழவன் சும்மா விடுவானா?

அமெரிக்க அரசே நீதிமன்றப் படியேறியது. 2023 சனவரியிலே அந்நாட்டு நீதித்துறையும் சில மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. விளம்பரக்காரர் கொடுக்கும் ஒவ்வொரு டாலரிலும், தளம் நடத்துபவரிடம் போய்ச் சேருவதற்குள், சராசரியாகக் குறைந்தது 30 சென்ட் கூகுளிடம் தங்கிவிடுகிறது என்பது அரசு தரப்பின் குற்றச்சாட்டு. 2025 ஏப்ரல் 17 அன்று நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பளித்தார்: தளம் நடத்துவோர்க்கான விளம்பரக் கருவியிலும், ஏலக்களத்திலும் கூகுள் சட்டத்துக்கு மாறாக முற்றுரிமை நாட்டியது, ஒன்றை வேண்டுபவர் மற்றொன்றையும் ஏற்றாக வேண்டும் என்று கட்டிப்போட்டது. விளம்பரம் தருவோர் பக்கம் பற்றிய மூன்றாவது குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. நேர்மை கருதி அதையும் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீடு செய்வோம் என்றது நிறுவனம். அதே ஆண்டு செப்டம்பரிலே ஐரோப்பிய ஆணையம் 295 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஆக, நாம் கேட்கும் கேள்வி வயிற்றெரிச்சல்காரன் கேள்வியன்று. வழக்குமன்றம் விடையளித்த கேள்வி!

நம் தமிழுக்கு வருவோம். ஆட்சென்ஸ் பிறந்தது 2003. தமிழ்த் தளங்களுக்கு அதன் கதவு முறைப்படி திறந்தது எப்போது தெரியுமா? 2018 பிப்ரவரி! பதினைந்து ஆண்டுகள்! அந்தப் பதினைந்து ஆண்டுகளிலே தமிழன் எழுதாமலா இருந்தான்? வலைப்பூக்கள் எண்ணற்றவை மலர்ந்தன. அவற்றைத் தொகுத்துக் காட்டத் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் எழுந்தன. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் எழுதிக் குவித்தனர். பலர் எழுதிய பிளாக்கர் தளமே கூகுளுடையது! எழுத இடம் தந்த கை, ஈட்டுவதற்கு வழி தரவில்லை. "உன் மொழிக்கு இன்னும் ஏற்பாடு இல்லை" என்றது.

கதவு திறந்த பின்னும் விலை ஒன்றா? அதுவும் இல்லை. ஏலத்திலே விலை பேசப்படுவது எழுத்துக்கு அன்று, படிப்பவரின் பணப்பைக்கு! ஒரே பக்கத்தை நியூயார்க்கிலே ஒருவர் திறந்தால் கிடைக்கும் தொகை வேறு. நெல்லையிலே ஒருவர் திறந்தால் கிடைப்பது வேறு, மிகக் குறைவு. எனவே தமிழில் எழுதுபவன், எண்ணிக்கையால் ஈடுகட்டப் பார்க்கிறான். பரபரப்புத் தலைப்பு, பாதிப் பொய், நடிகையின் படம் — கூட்டம் வந்தால் காசு, வராவிட்டால் பட்டினி! தரம் கெட்டுவிட்டது என்று தலையிலடித்துக்கொள்ளும் பெரியோர்களே, தரத்துக்கு விலை வைக்காத சந்தையைப் பற்றி ஏன் பேச மறுக்கிறீர்கள்?

தனி ஆள் நடத்தும் தளத்துக்காவது பங்கு என்று ஒன்று உண்டு. பலர் கூடிப் பேசும் மன்றங்களின் நிலை என்ன? அமெரிக்காவிலே ரெட்டிட் என்று ஒரு மன்றம். கேள்வி கேட்பவர் பயனர். விடை சொல்பவர் பயனர். வம்பர்களை விரட்டி ஒழுங்கு காப்பவர், ஊதியம் பெறாத தொண்டர். அத்தகையோர் நாள்தோறும் சராசரியாக 60,000 பேருக்கு மேல் பணிசெய்கின்றனர் என்று, பங்கு விற்பனைக்கான ஆவணத்திலே நிறுவனமே எழுதியது. 2023 சூனிலே, கட்டணக் கொள்கையை எதிர்த்து ஆயிரக்கணக்கான மன்றங்கள் கதவடைத்தன. அசைந்து கொடுக்கவில்லை நிறுவனம். 2024 மார்ச்சிலே பங்குச் சந்தையில் இறங்கியது; ஒரு பங்கு 34 டாலர். தொண்டர்களுக்கு என்ன பரிசு? அந்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு — தங்கள் காசைக் கொடுத்து! அதுமட்டுமா? அந்தப் பயனர்கள் எழுதிய பேச்சுகளைச் செயற்கை அறிவு படைப்பவர்கள் முதலானோர்க்கு உரிமம் தர, 20.3 கோடி டாலர் மதிப்புக்கு ஒப்பந்தங்கள் செய்திருப்பதாகவும் அதே ஆவணம் கூறியது. பேசியவர் பங்கு? சுழியம்!

"அவர்கள் விரும்பித்தானே எழுதினார்கள்? யார் கையைப் பிடித்து இழுத்தது?" என்று ஒரு நண்பர் கேட்பார். அமெரிக்க நீதிமன்றமே அப்படிக் கேட்டது. 'ஹஃபிங்டன் போஸ்ட்' என்ற இணைய ஏடு, ஊதியமில்லா எழுத்தாளர் பலரின் உழைப்பாலும் வளர்ந்து, 2011-இல் 31.5 கோடி டாலருக்கு ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எழுதியவர்கள் பங்கு கேட்டு வழக்கிட்டனர். ஊதியமில்லை என்று தெரிந்தே எழுதினீர்கள் என்று சொல்லி, 2012-இல் வழக்கைத் தள்ளிவிட்டது மன்றம். ஆனால் அதே ஏ.ஓ.எல். மீது, அதன் அரட்டை அறைகளைக் காத்த தொண்டர்கள் 1999-இல் தொடுத்த இன்னொரு வழக்கு உண்டு. நேரம் குறித்து வேலை வாங்கினீர்கள், அறிக்கை கேட்டீர்கள், அப்படியானால் நாங்கள் தொழிலாளர் அல்லவா என்றார்கள். பதினோராண்டு விடாது நின்றார்கள். 2010-இல் 1.5 கோடி டாலர் தர இசைந்து வழக்கை முடித்தது நிறுவனம். விருப்பம் என்பது உழைப்பை இலவசமாக்கிவிடாது என்பதற்கு அது சான்று.

தில்லியின் நடவடிக்கையையும் பார்ப்போம். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ள வணிகரிடம் பெறும் இணைய விளம்பரப் பணத்தின்மீது, 2016-இல் ஆறு விழுக்காடு சமன்படுத்தும் வரி போடப்பட்டது. அந்தப் பணம் எழுதுபவன் கைக்கு வரவில்லை என்றாலும், சந்தைக்காரரிடம் கணக்குக் கேட்க ஓர் உரிமைச் சீட்டாக அது இருந்தது. அமெரிக்கா சுங்கவரியை உயர்த்துவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்த வேளையிலே, 2025 ஏப்ரல் 1 முதல் அதையும் நீக்கிவிட்டார்கள். கனடா என்ன செய்தது? 2023-இல் சட்டம் இயற்றியது. மெட்டா நிறுவனம் செய்தியையே தன் தளங்களிலிருந்து நீக்கி மிரட்டியது. எனினும் கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் ஏடுகளுக்குத் தர ஒப்புக்கொண்டது. வலிவு காட்டிய நாட்டிடம் வழிக்கு வருகிறார்கள். வளைந்து கொடுத்த நாட்டிடம்?

எனவே கேட்போம். விளம்பரக்காரர் கொடுத்தது எவ்வளவு, நடுவிலே நின்றது எவ்வளவு, எழுதியவருக்கு வந்தது எவ்வளவு — ஒவ்வொரு தளத்துக்கும் மூன்று வரிக் கணக்கு வேண்டும். தரகரும் ஏலக்களமும் ஒரே கையில் இருத்தல் கூடாது. கணக்கை முடக்கினால் காரணம் சொல்ல வேண்டும். முறையீட்டைக் கேட்க, எழுதுபவர் மொழியிலே பேசும் ஓர் ஆள் வேண்டும். எழுதுவோரும் மன்றம் நடத்துவோரும் சங்கமாகி, ஒரே குரலில் பேரம் பேசும் உரிமை வேண்டும்.

எழுதுபவர்க்கும் ஒரு சொல்: வாடகை வீட்டிலேயே வாழ்நாளைக் கழிக்காதீர்கள். உங்கள் பெயரில் ஒரு முகவரி, உங்கள் ஊர்க் கடையிடமிருந்து நேரே பெற்ற விளம்பரம், உங்களை விரும்பிப் படிப்பவர் தரும் சந்தா — சிறிதாயினும் அது உங்களுடையது. 2002-இல் விக்கிப்பீடியாவிலே விளம்பரம் நுழையக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோது, அதன் ஸ்பானிய மொழி ஆர்வலர் பலர் வெளியேறித் தனிக் கலைக்களஞ்சியமே கண்டனர். இன்றுவரை விக்கிப்பீடியாவிலே விளம்பரம் இல்லை, நன்கொடையால் நடக்கிறது. எழுதுவோர் எழுந்து நடந்தால், சந்தை வெறும் பொட்டல்! அந்த வலிவு நம் கையிலே இருக்கிறது, தோழர்களே; அதை அறிந்து பேரம் பேசுவோம்.