பிடிச்சிருக்குன்னு சொன்னா பரீட்சையா?



நம்ம பள்ளியில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று பரீட்சை நடக்கிறது. யாரும் அட்டவணை போடாத நாலாவது பரீட்சை ஒன்றும் நடக்கிறது. ஒரு பொண்ணு "எனக்கு இளையராஜா பாட்டு பிடிக்கும்" என்று வாய் திறந்தால் போதும், இடைவேளையிலேயே ஆரம்பித்துவிடும்.

"அப்படியா? அவரோட முதல் படம் எது? எந்த வருஷம்? அந்தப் பாட்டு என்ன ராகம்? சரி, பத்துப் பாட்டு சொல்லு பார்ப்போம்!"

அன்னக்கிளி, 1976 என்று சரியாகச் சொன்னாலும் விடமாட்டாங்க. "அக்கா போன்ல பாத்துட்டு வந்திருக்கா" என்பார்கள். ரஹ்மான் பிடிக்கும் என்றால் ரோஜாவுக்கு வருஷம் சொல்லணும். கிரிக்கெட் பிடிக்கும் என்றால் எல்.பி.டபிள்யூ. விளக்கணும். இதையே ஒரு பையன் சொன்னால் என்ன நடக்கிறது? "செம பாட்டுடா" என்று தோளில் கை போட்டுக்கொண்டு போகிறார்கள். அவனிடம் யாரும் வருஷம் கேட்பதில்லை.

பையன்களை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. பி.டி.எஸ். பிடிக்கும் என்று சொன்ன ஆறாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தி, ஏழு பேர் பெயரையும் வரிசையா சொல்லச் சொன்னது நம்ம பொண்ணுங்கதான். அது ஆறு பெயர் சொல்லிவிட்டு முழித்தது. "நீயெல்லாம் ரசிகையா?" என்று சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை பாட்டு முணுமுணுத்து நான் கேட்கவே இல்லை.

காரைக்காலில் பிறந்த நமக்கு இது புதுக் கதையா? ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற மாம்பழத்தைப் பிடிக்க முண்டியடிக்கிறோமே, அந்தக் கதையை நினைத்துப் பாருங்கள். கணவர் பரமதத்தன் அனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றைப் புனிதவதியார் சிவனடியாருக்கு அளித்துவிட்டார். கணவர் இரண்டாவது கனியையும் கேட்டபோது இறைவனை வேண்டி ஒன்று பெற்றுத் தந்தார். ருசி வேறாக இருக்கவே, இது ஏது என்று கேட்டான். அவர் உண்மையைச் சொன்னார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான். அதுவும் வந்தது!

பரீட்சையில் பாஸ். ஆனால் கிடைத்த பரிசு என்ன? பயந்துபோய்க் கப்பல் ஏறினான். பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். தேவாரம் பாடிய மூவருக்கும் முன்னால் தமிழில் பதிகம் பாடிய காரைக்கால் அம்மையாருக்கே இந்தக் கதி. இதிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சந்தேகத்தில் வைக்கிற பரீட்சைக்குப் பாஸ் மார்க்கே கிடையாது.

நன்றாகத் தெரிந்தவர்களையும் அது விடவில்லை. கச்சேரியில் ராகம் தானம் பல்லவி பாடுவது ஆண்கள் வேலை என்று இருந்த காலத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிக் காட்டினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் வாங்கினார். அப்படியும் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, கிடைத்தது 1968-இல்தான். பட்டம்மாளுக்கு 1970-இல். மிதாலி ராஜ் இந்திய அணிக்கே கேப்டனாக இருந்தவர். 2017 உலகக் கோப்பை சமயத்தில் அவரிடம், உங்களுக்குப் பிடித்த ஆண் கிரிக்கெட் வீரர் யார் என்று ஒரு நிருபர் கேட்டார். ஆண் வீரர்களிடம் இப்படிக் கேட்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். கேப்டனையே இப்படிக் கேட்டால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

"அப்போ கேள்வியே கேட்கக் கூடாதா? நக்கீரர் கேட்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் தருமி வந்தது ஆயிரம் பொற்காசு வாங்க. பரிசு கேட்டு வருகிறவரைச் சோதிப்பது முறைதான். பாட்டுப் போட்டிக்கு நான் நடுவராக வந்தால் என்னையும் சோதியுங்கள், பதில் சொல்கிறேன். ஒரு பாட்டு பிடிக்கும் என்று சொல்கிறவள் எந்தப் பொற்காசைக் கேட்டாள்?

வயலில் நடவுப் பாட்டுப் பாடுகிற பாட்டிகளிடம் யாரும் தாளம் கேட்டதில்லை. பக்கத்து ஊரின் நாகூர் ஹனிபா 2015-இல் மறைந்துவிட்டார். அவர் குரல் இன்னும் நம்ம பக்கத்து டீக்கடைகளில் கேட்கிறது. நின்று கேட்கிறவரிடம் நீ என்ன மதம், எத்தனை பாட்டு தெரியும் என்று கடைக்காரர் விசாரிப்பதில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்த இந்தப் பண்பு நமக்கு வராதா?

தெரிந்தவர்கள் சும்மா இருக்கணும் என்று நான் சொல்லவில்லை. "ராகம் என்ன, சொல்லு" என்பதற்குப் பதிலா "இதே ராகத்தில் இன்னொரு பாட்டு இருக்கு, கேட்டிருக்கியா?" என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் அதேதான். முன்னது வாசல் கதவைச் சாத்துகிறது. பின்னது உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறது.

ஒரு யோசனை. அடுத்த மாதச் சுவர் இதழில் கால் பக்கம் 'எனக்குப் பிடித்த பாட்டு' என்று ஒதுக்குங்கள், டீச்சர். பாட்டின் பெயரும், ஏன் பிடிக்கும் என்று இரண்டு வரியும் போதும். படம், வருஷம், ராகம் தெரிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைக்கட்டும். நாங்கள் படித்துத் தெரிந்துகொள்கிறோம். முதல் இடத்தை அந்த ஆறாம் வகுப்புத் தங்கச்சிக்கே கொடுக்கலாம் என்பது என் கருத்து.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி