கண்ணாடியை உடைச்சிடுங்க சார்

கேமரா காப்பீடு பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "ஏன்யா, நாட்டுல வேற பிரச்சினையே இல்லையா?" என்றார். இருக்கிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அலையும் விவசாயி இருக்கிறார். மருத்துவக் காப்பீடு மறுக்கப்பட்டு நகையை அடகு வைத்தவர் என் தெருவிலேயே இருக்கிறார். பொழுதுபோக்குக்குப் பறவைகளைப் படமெடுக்கும் மாதச் சம்பளக்காரனின் லென்ஸ் அந்த வரிசையில் கடைசியாகத்தான் வரும். ஆனால் அவர்கள் முட்டிக்கொள்ளும் சுவரும் நான் முட்டிக்கொண்ட சுவரும் ஒரே சூளைச் செங்கல். எனக்குப் பட்ட காயம் சிறியது என்பதால் நிதானமாக உட்கார்ந்து செங்கல்லைப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேடந்தாங்கலில் விடியலிலிருந்து நின்று சங்குவளை நாரையையும் கரண்டிவாயனையும் எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் டிபன் சாப்பிட இறங்கினோம். நான், மனைவி, ஏழு வயது மகள். இருபத்தைந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது பின்சீட்டுக்குக் கீழே வைத்திருந்த பை இல்லை. உள்ளே 200-600 டெலி லென்ஸ், இரண்டு கிலோவுக்கு மேல் எடை, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலை, பதினெட்டு மாதத் தவணையில் மூன்று மாதம் பாக்கி. கேமராவை மகள் மடியில் வைத்து விளையாடிக்கொண்டு ஓட்டலுக்குள் எடுத்து வந்ததால் அது தப்பியது. காரில் ஒரு கீறல் இல்லை. கதவு சும்மா திறந்துகொண்டது.

சாவியின் பொத்தானை அழுத்தும்போது அது 433 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு ரேடியோ செய்தியை அனுப்புகிறது. அதே அலைவரிசையில் பக்கத்தில் ஒருவன் இரைச்சலை நிரப்பினால் செய்தி காருக்குப் போய்ச் சேராது. பூட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு நாம் இட்லி சாப்பிடப் போவோம். இப்படித்தான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒருவேளை நான் பொத்தானை அழுத்தவே இல்லையோ என்னவோ. இந்தச் சந்தேகம் இன்றுவரை ராத்திரி வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

அங்கிருந்தே காப்பீட்டு முகவரை அழைத்தேன். வீட்டுப் பொருள்களுக்கான தொகுப்புப் பாலிசி, அதில் கேமராச் சாமான்களுக்குத் தனிப் பிரிவு. பிரீமியம் 2,900 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 3,422. மூன்று வருடமாகக் கட்டிவந்தேன்.

"கண்ணாடி உடைஞ்சிருக்கா சார்?"

"இல்லையே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஸ்டேஷனுக்குப் போயிட்டீங்களா?"

"இனிமேதான்."

"அப்போ கண்ணாடியை உடைச்சிடுங்க சார். பின்னாடி இருக்கிற சின்னக் கண்ணாடி போதும். அந்தச் செலவு மோட்டார் பாலிசில தனியா வந்துடும்."

டிக்கியைத் திறந்து ஜாக்கி லீவரைக் கையில் எடுத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். "அப்பா, எதுக்கு அது?" என்று மகள் கேட்டாள். திரும்ப வைத்துவிட்டேன். அறம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டல் வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மேலே ஒரு கேமராவும் இருந்தது. யாரும் இல்லாத இடமாக இருந்திருந்தால் உடைத்திருப்பேனா? தெரியவில்லை. காவல்துறையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், எஃப்.ஐ.ஆரில் "கதவு, கண்ணாடி சேதமில்லை" என்று எழுதினார்கள். ஐந்து வாரத்தில் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது.

முகவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கதையில் பாலிசியை ஒழுங்காகப் படித்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் எனக்கு மோசடி சொல்லித்தரவில்லை. பாலிசி என்ன கேட்கிறதோ அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். உண்மை பேசுகிறவனுக்குக் காசு கிடையாது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருகிறவனுக்கு உண்டு என்று ஒரு ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால், அதைக் கையெழுத்துப் போட்ட இரு தரப்பில் யார் மோசடிக்காரர்?

விளம்பரத் தாளில் "தீ, வெள்ளம், திருட்டு" என்று இருக்கிறது. உள்ளே பத்தொன்பதாம் பக்கத்தில் திருட்டு என்ற சொல்லே இல்லை. "பர்க்ளரி" இருக்கிறது. பலவந்தமாக, உடைத்து நுழைந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் தடயம் வேண்டும் என்று அதற்கு வரையறை. பழைய ஆங்கிலச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இரவில் ஒருவர் வீட்டை உடைத்து நுழைவது என்று பொருள். நம் ஊரில் இதற்குக் கன்னம் வைப்பது என்று பெயர். திருடன் கன்னக்கோலோடு வந்து சுவரில் ஓட்டை போட்டால்தான் திருட்டு என்று ஒப்புக்கொள்வோம் என்கிறது 2020களில் அச்சிட்ட பாலிசி. திருடன் ரேடியோவுக்கு மாறிவிட்டான், பாலிசி கன்னக்கோலிலேயே நிற்கிறது.

நம் குற்றவியல் சட்டத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 378, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 303, இரண்டும் ஒருவரின் அசையும் பொருளை அவர் சம்மதமில்லாமல் நேர்மையற்று எடுப்பதைத் திருட்டு என்கின்றன. எதையும் உடைக்க வேண்டியதில்லை. அரசுக்குத் திருட்டாகத் தெரிவது காப்பீட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் போனேன். பாலிசியில் வார்த்தை தெளிவில்லாமல் இருந்தால் நீதிமன்றம் எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்ளும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவர் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கு. பலவந்தமாக நுழையாத களவு, பாலிசி சொல்லும் பர்க்ளரி ஆகாது, வார்த்தை தெளிவாக இருக்கும்போது மாற்றிப் படிக்க முடியாது என்பது தீர்ப்பு. இந்த வரையறை வாடிக்கையாளருக்குக் கடுமையானது, நிறுவனங்கள் திருத்திக்கொள்ளும் என்று நம்புகிறோம் என்ற தொனியிலும் நீதிமன்றம் எழுதியிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பாலிசிக்குள் அந்த நம்பிக்கை வந்து சேரவில்லை.

இதைப் படமெடுக்கும் நண்பர்களிடம் சொன்னால் இரண்டு வகையான பதில் வருகிறது. முதல் வகை: "படிக்காம வாங்கினது உன் தப்பு." நான் வேலை பார்க்கும் துறையில், திரையில் பொத்தானுக்கு "சேமி" என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே "மழை பெய்தால் மட்டும் சேமி" என்று எழுதிவைத்தால், பயன்படுத்தியவரை யாரும் திட்டுவதில்லை. எழுதியவனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வெளியே திருட்டு என்று விற்று உள்ளே கன்னம் என்று எழுதுவதும் அதேதான். படித்திருந்தால் மட்டும் என்ன? அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? வேண்டுமென்றால் வாங்கு, இல்லையென்றால் போ. இதற்குப் பெயர் ஒப்பந்தம் என்கிறார்கள்.

இரண்டாவது வகை இன்னும் ஆபத்தானது: "இன்சூரன்ஸே வேஸ்ட்டு மச்சி." வேஸ்ட் இல்லை. ஒன்றரை லட்சம் திடீரென்று போனால் தாங்குகிற வீடு என் வீடு இல்லை, இதைச் சொல்கிற நண்பனின் வீடும் இல்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததிலிருந்துதான் மீதி மூன்று தவணையைக் கட்டினேன். இல்லாத லென்ஸுக்குத் தவணை கட்டுவது எப்படியிருக்கும் என்று மனைவி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆகவே இப்போது நான் தேர்ந்தெடுக்கும் விதம் வேறு. டிரைபாட், ஃபில்டர், ஃப்ளாஷ், மெமரி கார்டு இவற்றுக்குக் காப்பீடே வேண்டாம். தொலைந்தால் வலிக்கும், வீடு கவிழாது. சென்னை ஈரத்தில் லென்ஸுக்குள் வளரும் பூஞ்சைக்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது, அது மெல்ல நடக்கும் சேதம் என்று விலக்கிவிடுவார்கள். அந்தப் பணத்துக்கு ட்ரை கேபினட் வாங்கலாம். கவர வேண்டியது பெரிய லென்ஸும் கேமராவும்தான். அதற்கு பர்க்ளரி பிரிவு உதவாது, "ஆல் ரிஸ்க்" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு விலக்குகளின் பட்டியலை முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் ஆல் என்பதிலும் எல்லாம் வராது.

இன்னொரு பொறி தொகையில் இருக்கிறது. என்னிடம் மொத்தம் 3,20,000 ரூபாய்ச் சாமான் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 1,60,000க்கு மட்டும் மொத்தமாகக் கவர் எடுக்கிறேன். 1,60,000 ரூபாய் லென்ஸ் போகிறது. முழுப் பணம் வரும் என்றுதானே நினைப்போம்? வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தாய், எனவே நஷ்டத்திலும் பாதிதான் என்று 80,000 தருவார்கள், அதிலும் தேய்மானம் கழித்து. இதற்கு ஆவரேஜ் விதி என்று பெயர். பொருள்வாரியாக, சீரியல் எண்ணோடு, தனித்தனித் தொகை எழுதி வாங்கினால் ஓரளவு தப்பலாம். புதிதாக வாங்கும் விலை தருவார்களா, சந்தை விலை தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

பிறகு "பொழுதுபோக்கு" என்ற சொல். அக்கா மகளின் காதணி விழாவை எடுத்துக் கொடுத்தேன், மாமா வலுக்கட்டாயமாக 5,000 ரூபாய் அனுப்பிவிட்டார். வருமானத்துக்காகப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஐயாயிரம் ஒரு லென்ஸைக் கவிழ்க்கப் போதும். கல்யாண ஸ்டூடியோக்காரருக்குத் தொழில் பாலிசி உண்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு அதில் இடமே இல்லை.

இதெல்லாம் காப்பீட்டின் இயற்கை விதி, மாற்ற முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசியை எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. அதில் ஆவரேஜ் விதியை ஒரே வரியில் தூக்கி எறிந்தார்கள். குறைத்துக் காப்பீடு செய்திருந்தாலும் அதைக் காட்டி நஷ்டத்தில் வெட்டக்கூடாது. எந்த நிறுவனமும் இதனால் கடையை மூடவில்லை. அதே பாலிசியில் திருட்டு எப்படி வருகிறது தெரியுமா? தீயோ வெள்ளமோ வந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடந்தால் மட்டும். ஒரு விதியைத் தூக்க முடிந்தவர்களால் இன்னொன்றையும் தூக்க முடியும். திருட்டு என்று விற்றால் தண்டனைச் சட்டம் சொல்லும் திருட்டைத்தான் தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். பிரீமியம் ஏறினால் ஏறட்டும், என்ன வாங்குகிறேன் என்று தெரிந்து கட்டுகிறேன். முழு ஆதாரமும் கையில் இருந்தும் இழுத்தடிக்கப்படுகிறவர்கள் நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். என் வழக்கில் வார்த்தை அவர்கள் பக்கம். நான் போகவில்லை.

சென்ற மாதம் ஒரு பழைய லென்ஸ் வாங்கியிருக்கிறேன். நான்கு நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன்: காரில் வைத்திருக்கும்போது திருடு போனால் தருவீர்களா? இரண்டு பேர் பிரீமியம் பட்டியலை அனுப்பினார்கள். ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றதும் அழைப்பது நின்றுவிட்டது. நான்காவது நிறுவனத்திலிருந்து ஒரு பெண் எழுத்தில் பதில் அனுப்பியிருந்தார்: பூட்டிய டிக்கியில், வெளியே தெரியாதபடி வைத்திருந்தால் உண்டு. பூட்டு வேலை செய்யாதபடி சிக்னலைத் தடுத்துத் திருடினால் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.