கற்பனைத் தண்டவாளமும் ஒப்பாரிக் கோச்சியும்

அண்மையில் பதுளை நகரில் உயர்தர மாணவர்களுக்கென்று ஒரு செயலமர்வு நடந்தது. விழுமியமும் தலைமைத்துவமும் என்று தலைப்பு. தோட்டப் பாடசாலைகளிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த வளவாளர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். பிரேக் பிடிக்காத ரயில் வருகிறது. நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள். நீங்கள் நெம்புகோலை இழுத்தால் அது பக்கத்துப் பாதைக்கு மாறும், அங்கே நிற்கும் ஒருவர் சாவார். இழுப்பீர்களா, மாட்டீர்களா? மண்டபம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மாணவி எழுந்தாள். "கோச்சி வாறத அந்த அஞ்சு பேருக்கும் ஏன் சேர் யாரும் சொல்லல?" என்று கேட்டாள். வளவாளர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, கேள்விய மாத்தக் கூடாது. இழுப்பீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே அறக்கேள்வி அவளுடையதுதான்.

கற்பனைச் சிக்கல் ஒன்றைக் கொடுத்து வாதாட விட்டால் நியாயபுத்தி வளரும், சொல்லும் பதிலில் ஆளின் குணம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறது, வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத்தில் இருக்கிறது, கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பேச்சிலும் இருக்கிறது. நீ என்றால் என்ன செய்வாய் என்று ஆளுக்கு ஆள் குடைகிறார்கள். இதில் நியாயமும் வளராது, குணமும் தெரியாது. வாய்தான் வளரும்.

பதுளைப் பிள்ளைகளிடம் ரயிலை வைத்து அறம் கேட்க வந்தவர், எங்கள் ரயிலைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்க வேண்டும். 1924 இல் பதுளைக்கு வந்து சேர்ந்த பாதை இது. தேயிலையை இறக்கிய பாதையில் பின்னால் மனிதர்களை இறக்கினார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கில் குடியுரிமை இல்லாத மலையகத் தமிழர் 975,000 பேர் இருந்தார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சமிருந்த 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மனிதர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலைத்தான் மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது.

எங்கள் வீட்டில் பெரியப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதினார், அப்பா இலங்கைக் குடியுரிமைக்கு எழுதினார். இரண்டு பேரிடமும் கொள்கை விளக்கம் எதுவும் கிடையாது. எழுபத்து மூன்று, எழுபத்து நாலில் தோட்டங்களில் மாவுக்கே வழியில்லாமல் ஆட்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகள் பசியில் கிடக்க, பெரியப்பா விண்ணப்பப் பாரம் நிரப்பினார். அப்பாவுக்கு அப்போது பிள்ளை இல்லை, நின்றுவிட்டார். அப்பாயி யாரோடு இருப்பது? மூத்தவன் வீடுதான் என்று பெரியப்பாவோடு போனார். ஒரு தகரப் பெட்டிக்குள் கம்பளி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தோட்டத்தில் கணக்கு முடித்த துண்டு. அவ்வளவுதான் எடுத்துப்போனது. அப்பாயியை அப்பா பிறகு பார்க்கவேயில்லை.

இதை நெம்புகோல் கேள்விக்குள் அடக்கிக் காட்டுங்கள் பார்ப்போம். நெம்புகோல் டில்லியிலும் கொழும்பிலும் இருந்தது. நாங்கள் கோச்சிக்குள் இருந்தோம். இந்த விளையாட்டு விளையாடுகிறவர்கள் எப்போதும் தங்களை நெம்புகோல் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். கோச்சிக்குள் உட்கார்ந்து யோசிக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதோடு, எந்தப் பாதையில் எத்தனை பேர் சாவார்கள் என்பது ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களுக்கும் தெரியாது, ஏறாமல் நின்றவர்களுக்கும் தெரியாது. போனவர்கள் பலர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் திரும்பவும் கூலிகளாகக் கிடந்தார்கள். நின்றவர்கள் 77 கலவரத்தைப் பார்த்தார்கள், 81 கலவரத்தைப் பார்த்தார்கள். 1983 ஜூலை 27 இல் பதுளை நகரம் எரிந்ததையும் பார்த்தார்கள். எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி, கஷ்டமான பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிட்ட கேள்வி.

வளவாளர் காட்டிய ரயில் கதையை 1967 இல் முதலில் எழுதியவர் பிலிப்பா ஃபுட் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர். கருக்கலைப்பைப் பற்றிய கட்டுரையில் நுட்பமான ஒரு வேறுபாட்டை விளக்கத்தான் அவர் அதைச் சொன்னார். அவர் கதையில் முடிவெடுப்பவர் ட்ராம் வண்டியின் சாரதி, வேடிக்கை பார்ப்பவர் அல்ல. அதைப் பிள்ளைகளின் குணத்தை அளக்கும் தராசாக்கியது பின்னால் வந்தவர்கள் வேலை. நம் கல்வி உளவியல் பாடத்தில் வரும் கோல்பேர்க்கும் இப்படி ஒரு கதை வைத்திருந்தார். சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பது கேள்வி. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, கடன் வாங்கலாமே, மருந்துக்காரரிடம் பேசலாமே, இவன் ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் பார்ப்பது என்று கேட்டாள். திருடலாம் என்று பட்டென்று சொன்ன பையனைவிட அவளுக்குக் குறைந்த படிதான் கிடைத்தது. அது அளவுகோலின் கோளாறு என்று கரோல் கில்லிகன் 1982 இலேயே புத்தகம் எழுதிவிட்டார். நாம் இன்னும் பிள்ளைகளைப் பார்த்துக் கேள்வியை மாற்றாதே என்கிறோம்.

வெள்ளைக்காரனை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? கும்பகர்ணனா வீடணனா என்று நாம் எத்தனை காலமாக மேடை போடுகிறோம். இந்த மாதம் செஞ்சோற்றுக் கடனுக்காகக் கண்ணீர் விட்டவரே அடுத்த மாதம் அறத்தின் பக்கம் நின்று கைதட்டு வாங்குகிறார். எந்தக் கட்சிக்கும் பேசத் தெரிவதைத்தான் திறமை என்கிறோம். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட 2021 மார்ச் வர்த்தமானி வரை வருஷக்கணக்கில் இழுபட்டதே, அந்த இழுபறியில் நம் நாவலர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

உண்மையில் நம் ஊரில் நடந்த பெரிய அநியாயங்களில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. 2000 ஒக்டோபர் 25 ஆம் திகதி பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. ஏறத்தாழ 60 பொலிஸார் துப்பாக்கியோடு அங்கே இருந்தார்கள். என்ன செய்யவேண்டும் என்பது அவர்களில் யாருக்குத் தெரியாது? செய்யவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் கடைசிவரை மிஞ்சியவர்களையும் 2005 இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரியும், ஆட்களை இடம் மாற்றுங்கள் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இல் சொன்னது, 2011 இலும் சொன்னது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை லயங்களின் மேல் வந்து விழுந்தது. எல்லோருக்கும் விடை தெரியும். கோச்சி வருவதை அந்த ஐந்து பேருக்கும் யாரும் ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்டதும் இதைத்தான்.

குணம் தெரியவேண்டுமென்றால் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வாருங்கள். காய்ச்சலோடு மலைக்கு வந்தவளுக்குக் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிற கிலோ வேறு. கணக்கப்பிள்ளை தராசைத் தூக்குவதற்கு முன்னால் பக்கத்து நிரைக்காரி, "சாக்க இங்கிட்டுத் தள்ளுடி" என்று சொல்லித் தன் கொழுந்தை அள்ளி அவள் சாக்கில் போடுவாள். மேலதிகக் கிலோவுக்கு அவளுக்கு வரவேண்டிய காசு அது. அவளை யாரும் விவாதம் பழக்கி அனுப்பவில்லை. கேட்டால் அதைப் பற்றிப் பேசக்கூட அவளுக்கு நேரமில்லை.

பதுளைக்கு வரும் வளவாளர்களுக்கும், அவர்களைக் கூப்பிடுகிற அதிபர்களுக்கும் சொல்கிறேன். அந்தப் படத்தைக் கொழும்பிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலைச்சரிவைப் பற்றி என்ன அறிக்கை இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடவையுங்கள். 2016 இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குப் பிள்ளைகள் கையாலேயே கடிதம் எழுதவையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதத்தையும் எழுதவையுங்கள்.